கேக்குது, ஆனா புரியல

ஆடியாலஜி, அதாவது காது கேட்கும் திறனைச் சோதிக்கிற வேலையில் இருக்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், "எனக்குக் காது கேட்கவில்லை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. "கேக்குது, ஆனா புரியல" என்பதுதான் வழக்கமான புகார். கூடவே ஒரு குற்றச்சாட்டும் வரும்: இப்போதெல்லாம் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை, எல்லாரும் முணுமுணுக்கிறார்கள், டிவியில் வசனம் ஒன்றும் விளங்கவில்லை, விளம்பரம் வந்தால் மட்டும் காதைக் கிழிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியோ மகளோ இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள். நான் இந்த விஷயத்தில் வந்தவர் பக்கம். அவர் சாக்குச் சொல்லவில்லை, தன் காதில் நடப்பதை அப்படியே சொல்கிறார். அந்தப் புகாரைக் கேட்டுவிட்டு நாங்கள் என்ன சோதிக்கிறோம், சோதனை எதைப் பிடிக்கிறது, எதைத் தவறவிடுகிறது, அப்புறம் காதில் மாட்டும் அந்த மெஷினால் (ஹியரிங் எய்ட்) என்ன செய்ய முடியும் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் பேச்சு. உரக்க இருக்கிறது என்ற உணர்வைத் தருவது உயிரொலிகள். அவற்றின் வலுவில் பெரும்பங்கு 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. (ஹெர்ட்ஸ் என்பது அதிர்வெண்ணின் அளவு, ஒலி ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது. அது கூடினால் ஒலி கீச்சென்று இருக்கும், அதைத்தான் உயர்ந்த ஒலி என்கிறேன்.) ச, ஸ, த, ப, க போன்ற மெய்கள் மெல்லியவை, சட்டென்று முடிந்துபோகிறவை. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் தடயங்கள் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. கடை, தடை, படை, சடை என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். உயர் அதிர்வெண் கேட்காத காதுக்கு நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் போய்ச் சேரும். யாரோ பேசினார்கள், ஏதோ "டை" என்று முடிந்தது. எந்த "டை" என்பதை மிச்ச வாக்கியத்தை வைத்து மூளை ஊகிக்கிறது. அமைதியான அறை, தெரிந்த ஆள், தெரிந்த விஷயம் என்றால் ஊகம் பலிக்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் பலிக்காது. சாயங்காலம் ஆனால் காரணமில்லாமல் அலுப்பாக இருக்கிறது, கூட்டத்துக்குப் போகவே பிடிக்கவில்லை என்கிறவர்களில் பலருக்கு அந்த அலுப்பு நாள் முழுக்க ஊகித்துக்கொண்டே இருப்பதால் வருவது.

வயதும் இரைச்சலும் பெரும்பாலும் முதலில் கைவைப்பது இந்த உயர் அதிர்வெண்களில்தான். உட்காதில் காக்லியா என்று இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது, நிமிர்த்தினால் சுமார் 35 மில்லிமீட்டர் நீளம். அதன் வாசல் பக்கம் உயர்ந்த ஒலிகளுக்கு, உள் நுனி தாழ்ந்த ஒலிகளுக்கு. ஒலி ஒரு அலையாக உள்ளே ஓடி, அதனதன் அதிர்வெண்ணுக்குரிய இடத்தில் உச்சம் தொடுகிறது என்று கண்டு காட்டியவர் கியார்க் ஃபொன் பெக்கேஷி, 1961ல் அதற்கு நோபல் கிடைத்தது. அவர் பார்த்தது பெரும்பாலும் இறந்தவர்களின் காதுகளை. அதனால் உயிருள்ள காது செய்கிற ஒரு முக்கியமான வேலை அவர் கண்ணில் படவில்லை. காக்லியாவில் முடிச்செல்கள், அதாவது நுனியில் முடி போன்ற இழைகள் உள்ள செல்கள், இரண்டு வகை உண்டு: மூளைக்குச் செய்தி அனுப்பும் உள்வரிசை, ஏறக்குறைய 3,500, வெளிவரிசை, ஏறக்குறைய 12,000. இந்த வெளிவரிசைச் செல்கள் நீண்டும் சுருங்கியும் மெல்லிய ஒலிகளைப் பெருக்கிக் கொடுக்கின்றன. உரத்த ஒலிக்கு அவற்றின் உதவி தேவையில்லை. காது தானே ஒலி வெளியிடுகிறது என்பதை டேவிட் கெம்ப் 1978ல் பதிவு செய்து வெளியிட்டபோது நிறைய பேர் நம்பவில்லை. அந்த ஒலி இந்தப் பெருக்கல் வேலையின் மிச்சம். இன்றைக்குப் பிறந்த குழந்தையின் காதில் ஒரு சின்ன முனையை வைத்து ஓஏஇ என்று சோதிப்பது அதைத்தான்.

மனிதக் காதில் முடிச்செல் போனால் போனதுதான், மறுபடி முளைக்காது. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் "நரம்பு வீக்" என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு முதலில் கெடுவது நரம்பு கிடையாது, இந்தச் செல்கள், அதிலும் வெளிவரிசை. அவை போவதால் வரும் விளைவு கொஞ்சம் விசித்திரமானது. மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகும், ஆனால் உரத்த ஒலிகள் முன்புபோலவே உரக்கக் கேட்கும். அறையின் தரை உயர்ந்துவிட்டது, கூரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுவில் நிற்க இடம் குறைந்துவிட்டது. "கொஞ்சம் சத்தமாப் பேசு" என்று கேட்டவர், சத்தமாகப் பேசியதும் "ஏன் கத்தற?" என்று சிடுசிடுப்பது இதனால். வீட்டில் இதை வைத்து நடக்கும் சண்டைகளுக்கு அளவே இல்லை. இந்தத் தரை, கூரை விஷயத்தை மறக்காதீர்கள், மெஷினைப் பற்றிப் பேசும்போது மறுபடி வேண்டும்.

இப்போது சோதனை. காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பதில்தான் எல்லாம் தொடங்க வேண்டும். மெழுகு அடைத்திருந்தால் மேற்கொண்டு செய்வதெல்லாம் வீண். அப்புறம் ஒலி புகாத அறை, ஹெட்ஃபோன், கையில் ஒரு பட்டன். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் "பீப்" வரும். எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் கேட்டால் அழுத்த வேண்டும். அழுத்தினால் 10 டெசிபல் குறைப்போம், அழுத்தாவிட்டால் 5 டெசிபல் கூட்டுவோம், ஏறுமுகத்தில் ஒரே அளவில் குறைந்தது இரண்டு முறை பிடித்தால் அதுதான் அந்த அதிர்வெண்ணின் வாசல் அளவு. ஹியூசன், வெஸ்ட்லேக் என்ற இருவர் பெயரில் வழங்கும் முறை இது. கார்ஹார்ட்டும் ஜெர்ஜரும் 1959ல் இதைச் செப்பனிட்டுக் கொடுத்தார்கள், இன்னும் அதைத்தான் ஓட்டுகிறோம். சந்தேகமாக இருந்தால் அழுத்தலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். அழுத்துங்கள். வாசல் என்பதே கேட்டதா இல்லையா என்று குழம்பும் இடம்தான்.

அந்தப் புள்ளிகளை இணைத்தால் ஆடியோகிராம். வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி. மேலே இருந்தால் நல்லது, கீழே போகப்போகக் குறைபாடு அதிகம். இடமிருந்து வலமாகத் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிக்கு. பூஜ்ஜியம் என்றால் நிசப்தம் என்று நினைக்க வேண்டாம். ஆரோக்கியமான இளைஞர்கள் சராசரியாக எந்த அளவில் கேட்கிறார்களோ அதுதான் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் பூஜ்ஜியம். அதனால் சிலருக்கு மைனஸ் 5, மைனஸ் 10 கூட வரும்.

எனக்கு எரிச்சல் வருவது "எத்தனை பர்சென்ட் போயிருக்கு?" என்ற கேள்வி வரும்போது. கேட்கிறவரைக் குறை சொல்ல முடியாது, பல ரிப்போர்ட்டுகளிலேயே அப்படி ஒரு எண் இருக்கிறது, இழப்பீட்டுக் கணக்குகளுக்கு அது தேவைப்படவும் செய்கிறது. ஆனால் பேச்சு எவ்வளவு புரியும் என்பதற்கு அந்த எண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒருவருக்கு 500ல் 10, 1000த்தில் 10, 2000த்தில் 25, 4000த்தில் 60 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி இந்த நான்கையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 26 சொச்சம் வரும். 20லிருந்து 35க்குள் இருப்பதால் "லேசான குறைபாடு". லேசானது என்று காகிதத்தில் பார்த்ததும் அவரும் வீட்டாரும் நிம்மதியாகக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் அவருக்கு ச, ஸ, த எல்லாம் இரைச்சலில் காணாமல் போய்க்கொண்டிருக்கும். சராசரியை விட்டுவிட்டு கோட்டின் சரிவைப் பாருங்கள். 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மட்டும் ஒரு பள்ளம் விழுந்து 8000த்தில் மறுபடி ஏறினால் இரைச்சலில் வேலை பார்த்தவரா, துப்பாக்கி சுட்டவரா, ஹெட்ஃபோனை முழு சத்தத்தில் வைத்துக் கேட்டவரா என்று விசாரிப்போம். தாழ்ந்த ஒலிகள் கெட்டு, உயர்ந்தவை நன்றாக இருந்து, கூடவே தலைசுற்றலும் வந்து போனால் யோசனை வேறு பக்கம் போகும்.

ஹெட்ஃபோன் சோதனை முழுப் பாதையையும் அளக்கிறது. பழுது பாதையில் எங்கே என்று தெரிய வேண்டுமானால் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் ஒரு அதிர்வுக்கட்டையை வைத்து இன்னொரு முறை. இது வெளிக்காதையும் நடுக்காதையும் தாண்டி நேரே காக்லியாவைத் தட்டுகிறது. எலும்பு வழியாக நன்றாகக் கேட்டு, காற்று வழியாக மோசமாக இருந்தால் அடைப்பு வழியில் இருக்கிறது: மெழுகு, செவிப்பறை ஓட்டை, நடுக்காதில் நீர், நடுக்காதில் இருக்கும் அங்கவடி என்ற குட்டி எலும்பு இறுகிப்போவது. இவற்றில் பலவற்றுக்கு மருந்தோ அறுவை சிகிச்சையோ உண்டு. இரண்டும் ஒன்றாகவே சரிந்தால் காக்லியா அல்லது நரம்பு. வழி அடைப்பு மட்டும் எவ்வளவு மோசமாக இருந்தாலும் ஏறக்குறைய 60 டெசிபலைத் தாண்டாது, ஏனென்றால் அந்த அளவுக்கு மேல் ஹெட்ஃபோன் ஒலியே மண்டையோட்டை அதிர வைத்து உள்ளே போய்விடும்.

சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதிகமாகச் சொதப்பப்படும் பகுதியும் மாஸ்க்கிங்தான், அதாவது ஒரு காதை இரைச்சலால் மூடிவைத்து மறு காதைச் சோதிப்பது. இரண்டு காதும் ஒரே மண்டையோட்டில் இருக்கின்றன. காதின் மேல் பதியும் சாதாரண ஹெட்ஃபோனில் ஏறக்குறைய 40 டெசிபல் அளவுக்கு மேல் ஒலி கொடுத்தால் அது எலும்பு வழியாக மறு காதுக்குக் கசிய ஆரம்பிக்கும். காதுக்குள் செருகும் வகையில் இந்த வரம்பு இன்னும் மேலே. எலும்பு அதிர்வுக்கட்டையில் கசிவதற்கு வரம்பே கிடையாது, எந்தப் பக்கம் வைத்தாலும் இரண்டு காக்லியாவும் கேட்கும். இப்போது ஒருவருக்கு இடது காது முழுக்கச் செத்துப்போயிருக்கிறது, வலது காது நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது காதில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறோம், 55, 60 பக்கத்தில் அவர் பட்டனை அழுத்துகிறார். கேட்டது வலது காது. அவருக்கு அது தெரியாது, பீப் கேட்டது, அழுத்தினார். ஆடியோகிராமில் இடது காதுக்கு ஒரு அழகான நடுத்தரக் குறைபாடு வரைந்தாகிவிட்டது, அது வலது காதின் நிழல். அதை நம்பி அந்த இடது காதுக்கு ஒரு மெஷினும் மாட்டிவிட்டால் அவர் ஆயுசுக்கும் "மெஷின் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பார். இதைத் தடுக்கத்தான் நல்ல காதில் "ஷ்ஷ்" என்று ஒரு இரைச்சலைக் கொடுத்து அதை வேலையாக வைத்துக்கொண்டு மோசமான காதைச் சோதிப்பது. இரைச்சல் குறைந்தால் கசிவு நிற்காது, அதிகமானால் அந்த இரைச்சலே இந்தப் பக்கம் கசிந்து சோதிக்கிற காதையும் மூடிவிடும். இரண்டு காதிலும் வழி அடைப்பு பெரிதாக இருந்தால் சரியான அளவு என்று ஒன்றே அமையாத நிலைகூட உண்டு. உங்கள் சோதனையில் இரண்டு காதுக்கும் பெரிய வித்தியாசம் இருந்து, ஒரு முறைகூட அந்த "ஷ்ஷ்" வரவே இல்லை என்றால், ஏன் என்று கேளுங்கள்.

டிம்பனோமெட்ரிக்கு பட்டன் கிட்டன் எதுவும் வேண்டாம். காதுக்குள் ஒரு ரப்பர் முனை, காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, செவிப்பறை எவ்வளவு இளகி அசைகிறது என்று வரைபடம் போடும். நடுவில் மலை மாதிரி ஒரு உச்சி வந்தால் ஏ வகை, சரி. தட்டையாக வந்தால் பி, அதோடு காதுக்குழாயின் கொள்ளளவு வழக்கமான அளவில் இருந்தால் பின்னால் நீர் இருக்கலாம், கொள்ளளவு ரொம்பப் பெரிதாகக் காட்டினால் செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம். உச்சி அழுத்தம் குறைந்த பக்கம் நகர்ந்திருந்தால் சி. சளி பிடித்த குழந்தைகள் பி, சி என்று மாறி மாறி வருவார்கள்.

பட்டன் அழுத்தத் தெரியாத குழந்தைகளுக்கு ஓஏஇயோடு ஏபிஆர் என்று ஒன்று உண்டு. தூங்கும்போது தலையில் மின்முனைகள் ஒட்டி, ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின்னலைகளைப் பிடிப்பது. ஓஏஇ நன்றாக இருந்து ஏபிஆர் குலைந்திருந்தால் செல்கள் வேலை செய்கின்றன, செய்தி ஒழுங்காகப் போகவில்லை என்று அர்த்தம். ஓஏஇ மட்டும் செய்து "பாஸ்" என்று அனுப்பினால் அது கையை விட்டுப் போய்விடும். பச்சிளங்குழந்தைகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 1, 3, 6: ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் மெஷினோ வேறு உதவியோ தொடங்குவது. "ஆம்பளப் பையன் லேட்டாத்தான் பேசுவான்" என்று காத்திருக்கும் குடும்பங்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் "கேக்குது, ஆனா புரியல" என்ற புகாரை நாம் இன்னும் தொடவே இல்லை. ஆடியோகிராம் நிசப்தத்தில் ஒரு பீப்பைப் பிடிப்பதை அளக்கிறது. வாழ்க்கையில் யாரும் நிசப்தத்தில் பீப் கேட்க முயல்வதில்லை. வார்த்தைகளை வசதியான சத்தத்தில் கொடுத்து எத்தனை சரியாகத் திருப்பிச் சொல்கிறார் என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. பின்னணியில் பலர் பேசும் இரைச்சலோடு வாக்கியங்களைக் கொடுத்து, இரைச்சலைவிடப் பேச்சு எத்தனை டெசிபல் மேலே இருந்தால் பாதியாவது புரிகிறது என்று அளக்கும் சோதனையும் இருக்கிறது. இந்த இரண்டாவதுதான் புகாருக்கு நேரான சோதனை, சில நிமிட வேலை, ஆனாலும் நேரமில்லை என்று தவிர்க்கப்படுவதும் அதுதான். ஒரே ஆடியோகிராம் உள்ள இரண்டு பேர் இதில் வெகு தூரம் விலகி நிற்பார்கள், ஒருவர் மெஷின் போட்டதும் நிமிர்ந்து உட்காருவார், இன்னொருவருக்கு மெஷினோடு வேறு உதவிகளும் தேவைப்படும். முன்கூட்டியே தெரிந்தால் வாய்க்கு வந்த உறுதிமொழி எதுவும் கொடுக்காமல் இருக்கலாம். ஆடியோகிராம் முழுக்க நார்மலாக இருந்தும் இரைச்சலில் திணறுகிறவர்களும் உண்டு. 2009ல் குஜாவாவும் லிபர்மனும் எலிகளில் காட்டினார்கள்: உரத்த இரைச்சலுக்குப் பிறகு வாசல் அளவுகள் பழையபடி திரும்பிவிட்டன, ஆனால் முடிச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பெரும்பங்கு நிரந்தரமாகப் போயிருந்தது. மனிதர்களில் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. ஆனாலும் "டெஸ்ட் நார்மல், உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று அனுப்புவதற்கு முன் ஒரு தடவை யோசிக்க அது போதும்.

ஒரு அவசர விஷயத்தை நடுவில் சொல்லிவிடுகிறேன். ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளுக்குள்ளோ மந்தமாகிவிட்டால், அதை மெழுகு என்றோ சளி என்றோ சொல்லிக் காத்திருக்காதீர்கள். தொடர்ச்சியான மூன்று அதிர்வெண்களில் 30 டெசிபல் அல்லது அதற்கு மேல், 72 மணி நேரத்துக்குள் விழுந்தால் அதைத் திடீர்ச் செவித்திறன் இழப்பு என்கிறோம். ஸ்டீராய்டு சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம், முதல் இரண்டு வாரம் போனால் வாய்ப்பு சுருங்கிக்கொண்டே வரும். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். மந்தமான பக்கம் உரக்கக் கேட்டால் அடைப்பாக இருக்கலாம், நல்ல பக்கம் கேட்டால் உட்காது பக்கம் சந்தேகம் விழும். இது ஒரு குறிப்புதான், இதை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம், எப்படியிருந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அன்றைக்கே போங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்புக் குறைவு, ஒரு பக்கம் மட்டும் காதுக்குள் இரைச்சல், சீழ், தலைசுற்றல் இவையும் மெஷின் வாங்குவதற்கு முன் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

சரி, மெஷினுக்கு வருவோம். ஹியரிங் எய்ட் என்பது மைக், பெருக்கி, சின்ன ஸ்பீக்கர், பேட்டரி. அவ்வளவுதான், மிச்சமெல்லாம் அந்தப் பெருக்கியின் புத்திசாலித்தனம். தரை உயர்ந்தது, கூரை உயரவில்லை என்று சொன்னேன் அல்லவா? எல்லா ஒலியையும் 30 டெசிபல் தூக்கிவிட்டால் மெல்லிய பேச்சு கேட்கும், ஆனால் பாத்திரம் விழும் சத்தம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். அதனால் இன்றைய மெஷின்கள் மெல்லிய ஒலியை நிறைய, நடுத்தர ஒலியை அளவாக, உரத்த ஒலியைக் கொஞ்சம் அல்லது ஒன்றுமே இல்லாமல் தூக்குகின்றன, அதையும் ஒவ்வொரு அதிர்வெண் பட்டையிலும் தனித்தனியாக. எந்த ஆடியோகிராமுக்கு எங்கே எவ்வளவு தூக்க வேண்டும் என்பதற்குச் சூத்திரங்கள் இருக்கின்றன. பெரியவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் உருவான நால்-என்எல்2, குழந்தைகளுக்கு கனடாவில் உருவான டிஎஸ்எல் பரவலாகப் பயன்படுகின்றன.

இந்தப் பதிவை எழுதியதற்குக் காரணமே அடுத்த விஷயம்தான். சூத்திரம் ஒரு இலக்கைச் சொல்லும். மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்து ஆடியோகிராமைக் கொடுத்தால் கம்பெனி மென்பொருள் ஒரு கோட்டைப் போட்டு "இலக்கை எட்டிவிட்டது" என்று காட்டும். அந்தக் கோடு ஒரு சராசரிக் காதுக்கான ஊகம். உங்கள் காதுக்குழாய் குறுகலாக இருக்கலாம், நீளமாக இருக்கலாம், முனை தளர்ந்து பாதி ஒலி வெளியே ஓடலாம். செவிப்பறைக்குப் பக்கத்தில் உண்மையில் எவ்வளவு ஒலி போய்ச் சேருகிறது என்று தெரிய ஒரே வழி அங்கே அளப்பது. இழை போன்ற ஒரு மெல்லிய சிலிக்கோன் குழாயைச் செவிப்பறைக்குச் சில மில்லிமீட்டர் தூரம் வரை விட்டு, மேலே மெஷினை மாட்டி, ஸ்பீக்கரில் பேச்சை ஓட்டி, திரையில் இலக்கோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். ரியல் இயர் மெஷர்மென்ட் என்று பெயர். மென்பொருளின் முதல் பொருத்தத்தை அப்படியே விட்டால், முக்கியமாக உயர் அதிர்வெண்களில், இலக்கைவிடக் குறைவாகவே ஒலி போகிறது என்று பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதாவது மெய்யெழுத்துகள் எங்கே இருக்கின்றனவோ அங்கே. மெஷின் போட்டும் "சத்தம் வருது, புரியல" என்று அதே புகார் திரும்பி வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். குழந்தைகளின் காதுக்குழாய் சிறியது, ஒரே மெஷின் பெரியவர் காதைவிடப் பல டெசிபல் அதிகம் கொடுத்துவிடும். அங்கே அளக்காமல் பொருத்துவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

எந்த பிராண்ட் நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். தெரிந்த கம்பெனிகளின் நடுத்தர மாடல்களுக்குள் நீங்கள் உணரக்கூடிய வித்தியாசம், அளந்து பொருத்தியதற்கும் அளக்காமல் பொருத்தியதற்கும் இருக்கும் வித்தியாசத்தைவிடச் சின்னது. எத்தனை சேனல் (ஒலியை எத்தனை அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்துக் கையாள்கிறது) என்பதை வைத்து விலை ஏறுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "ரியல் இயர் எடுப்பீர்களா?" திருதிருவென்று விழித்தால் வேறு இடம் பாருங்கள்.

வடிவத்தில் இன்று அதிகம் போவது காதின் பின்னால் உட்கார்ந்து, மெல்லிய கம்பி வழியாக ஸ்பீக்கர் மட்டும் காதுக்குள் போகிற வகை. கடுமையான குறைபாட்டுக்குக் குழாயும் அச்செடுத்துச் செய்த மோல்டும் உள்ள பெரிய வகை. முழுக்க உள்ளே மறையும் வகையை எல்லாரும் முதலில் கேட்பார்கள். வெளியே தெரியாது என்பதைத் தவிர அதற்குச் சிறப்பு குறைவு, பேட்டரி சின்னது, மெழுகு சீக்கிரம் அடைக்கும். அதோடு ஒரு பிரச்சினை இருக்கிறது. காதை முழுக்க அடைத்தால் தன் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல ஒலிக்கும், ஏனென்றால் நாம் பேசும்போது தாடை எலும்பு வழியாகக் காதுக்குழாய்க்கு வரும் தாழ்ந்த ஒலி வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுகிறது. தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்பவருக்கு ஓட்டை உள்ள திறந்த முனையைப் போட்டால் அது போய்விடும். ஆனால் திறந்த வழியில் பெருக்கிய ஒலி வெளியே வந்து மைக்குக்குள் திரும்ப நுழைந்தால் "கீய்ங்" என்று விசிலடிக்கும், தாழ்ந்த ஒலிகளை நிறைய தூக்கவும் முடியாது. எல்லாம் கொடுத்து வாங்கும் வியாபாரம்.

முதல் சில வாரங்கள் கஷ்டம். காகிதம் கசங்குவது, ஃபேன் சுற்றுவது, சொந்தச் செருப்புச் சத்தம் எல்லாம் மிரட்டும். பல வருடங்களாக மூளைக்கு வராத ஒலிகள் அவை. தினமும் பல மணி நேரம் போட்டால் பழகும். விசேஷத்துக்கு மட்டும் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்குப் பழகவே பழகாது, மிகக் கடினமான இடத்தில் முதல் முறை போட்டுப் பார்த்துவிட்டு வெறுத்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். மெஷின் திடீரென்று செத்துவிட்டால் பேட்டரிக்கு அடுத்தபடியாக ஸ்பீக்கர் நுனியில் இருக்கும் மெழுகுத் தடுப்பைப் பாருங்கள், "ரிப்பேர்" என்று வருவதில் நிறைய அந்தத் துளி மெழுகுதான். ஜிங்க்-ஏர் பேட்டரி காற்றில் இருக்கும் ஆக்சிஜனால் ஓடுவது. ஸ்டிக்கரை உரித்ததும் ஓரிரு நிமிடம் விட்டுப் போடுங்கள். ஸ்டிக்கர் நிறமே அளவு: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம்.

மெஷின் செய்ய முடியாததையும் சொல்ல வேண்டும். திசை பார்த்துக் கேட்கும் மைக்குகள் முன்னால் இருப்பவரின் குரலைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான், தூரத்தை ஜெயிக்காது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் விழும். பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டுவிட்டு "மெஷின் போட்டும் கேக்கலையா" என்று திட்டுவது நியாயமே இல்லை. பேசுகிறவர் சட்டையில் மாட்டும் ரிமோட் மைக் இந்த இடத்தில் செய்யும் உதவியை விலை உயர்ந்த மெஷின்கூடச் செய்யாது, ஆனாலும் யாரும் அதைக் கேட்டு வாங்குவதில்லை. முடிச்செல்கள் பெரும்பாலும் அழிந்துபோன காதில் எவ்வளவு பெருக்கினாலும் வார்த்தை தெளியாது, அங்கே காக்லியர் இம்ப்ளாண்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து உள்ளே பொருத்தி நரம்பை நேராகத் தூண்டும் கருவி, பற்றிப் பேச வேண்டும்.

மறதி நோயை மெஷின் தடுக்கும் என்று விளம்பரங்கள் பயமுறுத்துகின்றன. கேட்புக் குறைவுக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு இருப்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆனால் 2023ல் வெளியான அச்சீவ் ஆய்வில், 70லிருந்து 84 வயதுக்குள் இருந்த 977 பேரை மூன்று ஆண்டு பார்த்ததில், மொத்தக் குழுவில் மெஷின் கொடுக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கப்படாதவர்களுக்கும் அறிவுத்திறன் சரிவில் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்துக் காரணிகள் அதிகம் இருந்த பிரிவில் மட்டும் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் குறைந்திருந்தது. நல்ல செய்திதான், ஆனால் அதை வைத்து யாரையும் மிரட்டி மெஷின் விற்கக் கூடாது. பேரன் பேசுவது புரிய வேண்டும் என்பதே போதுமான காரணம்.

அமெரிக்காவில் 2022 அக்டோபரிலிருந்து லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ள பெரியவர்கள் மருத்துவச் சீட்டு இல்லாமல் நேரடியாக மெஷின் வாங்கலாம். எங்கள் தொழிலில் சிலர் இதைக் கேட்டுக் கொதிக்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை, பத்து வருடம் தள்ளிப்போடுவதைவிட ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்ப்பது மேல். காதை ஒரு முறை யாராவது உள்ளே பார்த்திருக்க வேண்டும், இரண்டு காதும் ஒன்றுபோல இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

பொருத்திய பிறகு திரும்ப வரும்போது "சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை வைத்து என்னால் எதையும் திருக முடியாது. சொந்தக் குரல் முழங்குகிறதா, தண்ணீர்க் குழாய்ச் சத்தம் கூர்மையாக இருக்கிறதா, ஹாரன் அடித்தால் வலிக்கிறதா, கட்டிப்பிடித்தால் விசிலடிக்கிறதா, பெண்கள் குரல் மட்டும் புரியவில்லையா, ஒவ்வொன்றுக்கும் திருக வேண்டிய இடம் வேறு. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் இன்னொன்று: மெஷின் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் ஓடியது என்று அதுவே பதிந்து வைத்திருக்கும், கம்ப்யூட்டரில் இணைத்ததும் திரையில் வந்துவிடும். "நாள் பூராப் போட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று நீங்கள் சொல்லும்போது என் திரையில் ஒன்றரை மணி நேரம் என்று இருக்கும். நான் ஒன்றும் சொல்லமாட்டேன், ஆனால் எந்த இடத்தில் கழற்றினீர்கள், ஏன் கழற்றினீர்கள் என்று நேராகச் சொல்லிவிட்டால் எதைத் திருக வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.